ஒரு தாள், நான்கு பக்கம்: வகுப்பறையில் செய்தித்தாளை எப்படித் தொடங்குவது?

முதல் முறை நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக இதில் இறங்குகிற ஆசிரியர்கள் பலரும் அதையேதான் செய்கிறார்கள்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் செம்பனை. நான்காம் ஆண்டில் பதினெட்டுப் பிள்ளைகள். ஒரு திங்கட்கிழமை காலை பதினெட்டு நாளிதழ்களைச் சுமந்துகொண்டு போய், ஆளுக்கொன்று கொடுத்து, "படிங்க, அப்புறம் கேள்வி கேட்கிறேன்" என்றேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. பையன்கள் காற்பந்துப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். சிலர் சினிமாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை சிறியது, தாள் பெரியது. விரித்தவர்களின் கை பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் இடித்தது. ஒரு மாணவி மட்டும் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டி வந்தாள். 'நாடாளுமன்றக் கூட்டத்தொடரில்' என்ற இடத்தில் நின்றவள், அதற்கு மேல் நகரவே இல்லை.

அன்று மாலை யோசித்தபோதுதான் புரிந்தது. பாடநூலில் உள்ள பத்தி பிள்ளைக்காகவே எழுதப்பட்டது. சொற்களை எண்ணி, கடினமானதை நீக்கி, கீழே கருத்துணர்தல் கேள்விகளையும் வைத்துத் தந்திருப்பார்கள். செய்தித்தாள் அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே இல்லை. அதனால்தான் அது கடினமாக இருக்கிறது. அதனால்தான் அதற்கு மதிப்பும் இருக்கிறது. அப்பா படிக்கிற அதே தாளை நானும் படித்தேன் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்வது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அங்கே போய்ச் சேர, கேள்வியை நாம்தான் பிள்ளையின் கைக்கு அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கித் தர வேண்டும். இந்த முறையின் நுட்பம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்குச் செய்தித்தாள்வழிக் கல்வி என்று பெயர். நியூயார்க் டைம்ஸ் 1930களிலேயே பள்ளிகளுக்கு நாளிதழ் அனுப்பும் திட்டம் வைத்திருந்தது. நம் நாட்டில் தி ஸ்டார் ஆங்கில நாளிதழ் 1997இல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மலாயாத் தமிழரிடம் இந்த வழக்கம் அதற்கும் வெகு முன்னாலேயே வேறு வடிவில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழே வகுப்பறை, வாசகர்களே மாணவர்கள். அதே 1950களில் சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் எழுத்தாளர்கள் ஆனார்கள். மணிமன்றம் என்ற பெயரிலேயே ஊர்தோறும் இளைஞர் அமைப்புகள் வளர்ந்தன. தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு எழுத்துப் பழக்கம் தந்ததில் செய்தித்தாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆளுக்கொரு நாளிதழ் வேண்டாம்

நாளிதழின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவிப் பாருங்கள். ஒரே தாளில் நான்கு பக்கங்கள் இருக்கும். 32 பக்க நாளிதழ் என்றால் 8 தாள்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்தால் ஒரே ஒரு நாளிதழ் பதினாறு பிள்ளைகளுக்குப் போதும். எனக்கு இது தெரியாமல் பதினெட்டு வாங்கிச் செலவழித்தேன். ஒரு தாளோடு உட்காரும்போது பிள்ளைக்கு மிரட்சி போய்விடுகிறது. பக்கத்து மேசையில் வேறு தாள் இருக்கிறது, அதில் வேறு செய்தி இருக்கிறது என்பதால் பேசவும் காரணம் கிடைக்கிறது.

மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார வையுங்கள். கத்தரிக்கோல், பசை, பழைய நாள்காட்டியின் பின்பக்கம் ஆகியவை போதும். மை கையில் ஒட்டும். சட்டை வெள்ளை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்து வேட்டை

ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்தி வேண்டாம், எழுத்து போதும். 'ழ உள்ள ஐந்து சொற்களை வெட்டி ஒட்டு', 'ண ஒரு பக்கம், ன ஒரு பக்கம்' என்று தொடங்கலாம். இதைப் பலரும் செய்கிறார்கள். இன்னும் ஒரு படி போனால்தான் இதன் ருசி தெரியும்: கிடைக்காத எழுத்தைத் தேடச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து 247 என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அதில் எத்தனை இன்றைய தாளில் இருக்கின்றன? ங வரிசையில் 'ங்' மட்டும் கொட்டிக் கிடக்கும். மற்றவை கண்ணில் படாது. பாடநூலில் ஙவுக்குச் சொல் தேடுவதே பெரும்பாடு. ஒரு முறை இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், கோயில் திருவிழா விளம்பரத்தின் கடைசி வரியை விரலால் தொட்டுக்கொண்டு ஓடி வந்தான். "இங்ஙனம், ஆலய நிர்வாகம்." அந்த 'ங' அவனுக்குப் புதையல். இன்னொரு முறை ஆறாம் ஆண்டுக்காரர்கள் ஓர் அமைச்சரின் பெயரைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாளிதழ் 'ஙா கோர் மிங்' என்று போட்டிருந்தது. இன்னொன்று 'ங்கா கோர் மிங்' என்று போட்டிருந்தது. எது சரி? மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணப் பாடத்தில் நான் ஒரு வாரம் சொல்லியும் ஏறாத விதி, அந்த ஒரு பெயரில் ஏறிவிட்டது. அரை மணி நேரம் வாதம் செய்தார்கள்.

அடுத்து, 247இல் அடங்காத எழுத்துகளைக் கேளுங்கள். ஜொகூர், ஷா ஆலாம், புத்ராஜெயா, ஹாஜி. மலேசிய நாளிதழில் கிரந்த எழுத்து இல்லாத பக்கத்தைக் காண்பது அரிது. நம் நாட்டு ஊர்ப் பெயர்கள் தமிழ் எழுத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஆய்த எழுத்தையும் தேடச் சொல்லுங்கள். 'எஃகு' என்று நாம் சொல்லிக்கொடுத்திருப்போம். அவர்கள் 'ஃபிஃபா'வை வெட்டிக்கொண்டு வருவார்கள்.

வாலை வெட்டினாலும் உயிர் போகாது

மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வந்தால் செய்தியின் உடலமைப்பைக் காட்ட வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளும் முதல் பத்தியிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆறு வண்ணப் பென்சில்களைக் கொடுத்து, 'யாருக்குச் சிவப்பு, எங்கேக்குப் பச்சை' என்று கோடிடச் சொன்னால், படிக்கத் தயங்குகிற பிள்ளையும் கையை நகர்த்தும். பிறகு கத்தரிக்கோல்.

இப்படி ஒரு செய்தி என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: 'கனமழை: மரம் சாய்ந்து சாலை அடைபட்டது.' முதல் பத்தி: நேற்று மாலை பெய்த கனமழையில் மரமொன்று சாய்ந்ததால் தோட்டத்துக்குப் போகும் சாலை மூன்று மணி நேரம் அடைபட்டது, யாருக்கும் காயமில்லை. இரண்டாம் பத்தி: தீயணைப்புப் படையினர் வந்து மரத்தை வெட்டி அகற்றினர். மூன்றாம் பத்தி: பள்ளிப் பேருந்து சுற்று வழியில் போனது என்று குடியிருப்பாளர் ஒருவர் சொல்கிறார். நான்காம் பத்தி: அதே சாலையில் இதற்கு முன்பும் மரம் விழுந்திருக்கிறது.

நான்காம் பத்தியை வெட்டி எறியச் சொல்லுங்கள். செய்தி இருக்கிறதா? இருக்கிறது. மூன்றாவதை வெட்டுங்கள். இன்னும் இருக்கிறது. இரண்டாவதையும் வெட்டுங்கள். தலைப்பும் ஒரு பத்தியும் மிஞ்சும். அப்போதும் செய்தி உயிரோடுதான் இருக்கும். பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் ஆசிரியர் குழு கீழிருந்து வெட்டலாம் என்பதற்காகவே முக்கியமானதை மேலே வைத்து எழுதுகிறார்கள். இதழியலில் இதைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். இப்போது சிங்கமும் முயலும் கதையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அதன் வாலை வெட்டச் சொல்லுங்கள். சிங்கம் கிணற்றில் விழவே விழாது. கதையே போய்விடும். கதைக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி நான் எத்தனையோ நாள் பேசியிருக்கிறேன். கத்தரிக்கோல் அதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டது.

இதில் எதிர்பாராத பலன் ஒன்றும் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை என்றாலே ஒரு தடம் விழுந்திருக்கும்: "நான் காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். குளித்தேன். பசியாறினேன்." சுற்றுலாக் கட்டுரையில் பேருந்து புறப்படும்போது அரைப் பக்கம் தீர்ந்திருக்கும். செய்தியின் முதல் பத்தியைப் போல எழுதச் சொன்னதும் ஒரு மாணவி இப்படித் தொடங்கினாள்: "தைப்பிங் விலங்குக்காட்சிசாலையில் நேற்று எங்கள் வகுப்பு மழையில் மாட்டிக்கொண்டது." நான் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

'கூறினார்' என்பதற்குள் ஒளிந்திருப்பது

ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்கு நான் விரும்பிச் செய்யும் நடவடிக்கை இது. நேர்க்கூற்று, அயற்கூற்று இரண்டுக்கும் செய்தித்தாளை விடச் சிறந்த களஞ்சியம் இல்லை. பக்கத்துக்குப் பத்துப் பேர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 'என்று' வரும் இடங்களை எல்லாம் வட்டமிடச் சொல்லி, அதற்குப் பின்னால் வரும் வினைச்சொல்லை மட்டும் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். கூறினார், தெரிவித்தார், வலியுறுத்தினார், எச்சரித்தார், சாடினார், ஒப்புக்கொண்டார், மறுத்தார், சுட்டிக்காட்டினார். ஒரே நாளிதழில் பன்னிரண்டு, பதினைந்து சொற்கள் வந்துவிடும்.

பிறகு வெண்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "கழிவறையில் தண்ணீர் வரவில்லை" என்று மாணவர் தலைவர் ________. ஒவ்வொரு வினைச்சொல்லாகப் போட்டுப் படிக்கச் சொன்னேன். 'தெரிவித்தார்' என்றபோது யாரும் அசையவில்லை. 'சாடினார்' என்றதும் சிரித்தார்கள். 'ஒப்புக்கொண்டார்' என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "டீச்சர், இப்படிப் போட்டா அவருதான் தண்ணிய அடைச்ச மாதிரி இருக்கு" என்றான். அவன் தேர்வில் எப்போதும் பின்தங்கியவன். ஒரு சொல்லை மாற்றினால் பழி இடம் மாறுகிறது என்பதை அவன் அன்று கண்டுபிடித்தான். உயர்நிலைச் சிந்தனை என்று நாம் பாடக்குறிப்பில் எழுதுவது இதைத்தான்.

செயப்பாட்டு வினையையும் இதே போலப் பிடிக்கலாம். 'கைது செய்யப்பட்டார்', 'மூடப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது'. ஒவ்வொன்றுக்கும் 'யாரால்?' என்று கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் பதில் தேவைப்படாது. 'தொழிலாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்' என்ற இடத்தில் தேவைப்படும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி உடனே புரிகிறது. 'புத்ராஜெயா அறிவித்தது', 'பேராக் வென்றது' என்ற தலைப்புகளை ஆகுபெயருக்கு எடுத்துக்கொள்ளலாம். ஊர் எப்படி அறிவிக்கும், மாநிலம் எப்படிப் பந்து உதைக்கும் என்று கேட்டால் போதும்.

கணிதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரந்தோறும் அறிவிக்கும் ரோன்97 பெட்ரோல் விலையைக் குறித்து வந்தால் இரண்டு மாதத்தில் ஒரு கோட்டு வரைபடம் தயார். காற்பந்துப் புள்ளிப்பட்டியலில் வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்று கூட்டி, அச்சில் வந்தது சரியா எனச் சரிபார்க்கலாம். பேரங்காடி விளம்பரத்தை வைத்து 50 வெள்ளியில் ஒரு வாரச் சாமான் பட்டியல் போடலாம்; வீட்டில் அரிசி எவ்வளவு ஆகும் என்று தெரியாத பிள்ளை அம்மாவிடம் கேட்டு வரும்.

நினைவஞ்சலிப் பக்கம்

இதைச் சொன்னால் சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். நானும் முதலில் தயங்கினேன். தமிழ் நாளிதழில் வரும் கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி விளம்பரங்களில் ஒரு குடும்பமே அடுக்கப்பட்டிருக்கும்: மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். பிறந்த தேதி, மறைந்த தேதி இரண்டும் இருப்பதால் வயதைக் கணக்கிடலாம். உறவுமுறைச் சொற்களை வைத்துக் குடும்ப மரம் வரையலாம். 'அங்கிள், ஆண்டி'க்குள் எல்லோரையும் அடக்கிவிட்ட பிள்ளைகளுக்கு 'சம்பந்தி', 'கொழுந்தன்', 'நாத்தனார்' எல்லாம் புதுச் சொற்களாக இருக்கின்றன.

நான் செய்தது ஊர்ப் பெயர்களை மட்டும் எடுத்தது. பழைய விளம்பரங்களில் சிலவற்றைத் தேர்ந்து, படத்தையும் பெயர்களையும் முன்கூட்டியே வெட்டி நீக்கிவிட்டு, ஊர்களை மலேசிய வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். மறைந்தவரின் இடம் ஒரு தோட்டம். பிள்ளைகளின் இடங்கள் ஈப்போ, கிள்ளான், ஷா ஆலாம், ஜொகூர் பாரு, சிங்கப்பூர். நூலைக் கட்டி இழுத்தபோது நூலெல்லாம் தோட்டங்களிலிருந்து கிளம்பிப் பட்டணங்களுக்குப் போயின. யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "எங்க தாத்தா பொறந்த தோட்டம் இப்ப இல்ல டீச்சர், வீடு கட்டிட்டாங்க" என்றாள். அடுத்த வாரம் ஏழு பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வந்தார்கள்.

உங்கள் ஊர்க் குடும்பத்தின் விளம்பரத்தை இதற்கு எடுக்காதீர்கள். வகுப்பில் அண்மையில் துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு இந்த நடவடிக்கையே வேண்டாம்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஊரின் கதையையே பழைய தாளில் தேடித் தரலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு பக்கங்கள் இருக்கின்றன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த வாரச் செய்திகளை எடுத்து, அவற்றில் தோட்டத் தொழிலாளி யாராவது ஒருவரின் குரல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

முந்தைய நாள் இரவில் செய்ய வேண்டியது

தாளை முதலில் நீங்கள் முழுக்கப் புரட்டுங்கள். இதைத் தவறவிட்டு நான் வருந்தியிருக்கிறேன். இடமதிப்புப் பாடத்துக்காக 'நான்கு இலக்க எண்களை வெட்டுங்கள்' என்று சொன்னேன். இரண்டு பையன்கள் நேரே நாலு நம்பர் லாட்டரி முடிவு வந்த பெட்டிக்குப் போனார்கள். முதல் பரிசு எது, ஆறுதல் பரிசு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்னொரு நாள் மோட்டார்சைக்கிள் விபத்துப் படம் ஒன்று தாளில் இருந்துவிட்டது. தினமும் அப்பாவின் மோட்டாரில் வரும் ஒரு பிள்ளை அன்று முழுவதும் பேசவில்லை. அந்தப் பக்கங்களை உருவி எடுத்துவிட்டு மீதியைக் கொண்டுபோங்கள்.

எழுத்துப்பிழைகள் இருக்கும். வலிமிகும் இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கும். அதை மறைக்க வேண்டாம். ஆறாம் ஆண்டுக்காரர்களிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அவர்கள் பிழை என்று வட்டமிட்ட எல்லாம் பிழையல்ல. விதி எண்ணைச் சொல்லவோ, பாடநூலில் அந்த இடத்தைக் காட்டவோ முடிந்தால்தான் அது பிழை என்று ஒப்புக்கொள்வேன்.

கைப்பேசி இருக்கும்போது தாள் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் ஒரு செய்தியை எழுதிப் போட்டு, அதே ஆறு வண்ணப் பென்சில்களால் கோடிடச் சொல்லிப் பார்த்தேன். 'உடனே பகிரவும்' என்று முடியும் செய்தியில் பச்சைக்கும் நீலத்துக்கும் வேலையே இல்லை. எங்கே, எப்போது என்பது எங்கும் இல்லை. அப்படிப்பட்டதைச் சரிபார்க்க மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளம் இருக்கிறது என்பதையும் அன்றே காட்டினேன். தாளில் பழகிய கண்தான் திரையில் அதைப் பிடித்தது.

தாள் கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. இருக்கிற நாளிதழ்கள் சிறு ஊர்களுக்குக் குறைவாகவே வருகின்றன. நான் சாப்பாட்டுக்கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் படித்து முடித்த தாளை அவர் மேசையடியில் சேர்த்து வைப்பார். கோப்பிக் கறை இருந்தால் என்ன, எழுத்து தெரிந்தால் போதும். மலாய் நாளிதழும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வெள்ளச் செய்தி இரண்டு மொழியிலும் எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில் வந்திருக்கிறது என்று ஒப்பிட அது வேண்டும்.

வெட்டி முடித்த தாள்களை மாதக் கடைசியில் கட்டி வைத்தால், ஒலிபெருக்கியில் 'பேப்பர் லாமா' (பழைய பேப்பர்) என்று கூவிக்கொண்டு வரும் லாரிக்குப் போட்டுவிடலாம். பசை ஒட்டிய தாளை லாரிக்காரர் எடுக்க மாட்டார். அதை முதலிலேயே தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள். அந்தக் காசில் அடுத்த மாதத்துக்குப் பசை வாங்கலாம்.